கடை நம்பர் யாருடையது?

நீங்க ஒரு சின்ன டிராவல்ஸ் நடத்துறீங்கன்னு வச்சுக்கங்க. புக்கிங் வர்ற நம்பர் யார் பேர்ல இருக்கு? பல இடங்களில் அது அங்கே வேலை பார்க்கிற ஒருத்தரோட சொந்த சிம். அவர் வேலையை விட்டா நம்பரும் போகும், கஸ்டமரும் போவாங்க.

இன்டர்நெட் வழி போன், அதாவது வாய்ஸ் ஓவர் ஐபி, பற்றிப் பேசினாலே "கால் செலவு குறையும்"னுதான் ஆரம்பிப்பாங்க. அன்லிமிடெட் பேக் காலத்துல உள்ளூர் காலுக்கு அது பெரிய விஷயமா எனக்குத் தெரியலை. நம்பர் நிறுவனத்தோட கையில இருக்கிறதுதான் பெரிய லாபம்.

அது எப்படின்னா, சாதாரணமா உங்க குரலை செகண்டுக்கு 8,000 தடவை அளந்து எண்ணாக மாத்துவாங்க. அதை 20 மில்லிசெகண்ட் துண்டுகளா நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் முகவரி ஒட்டி, நெட்டில் அனுப்புவாங்க. செகண்டுக்கு 50 பாக்கெட். ஒண்ணு தொலைஞ்சா திரும்பக் கேட்டு வாங்க நேரமில்லை, பேச்சு ஓடிக்கிட்டே இருக்கே! நெட் மோசமானா குரல் ரோபோ மாதிரி ஆகிறது இதனாலதான். நம்ம 4ஜி போன்ல வர்ற வோல்ட்டி காலும் குரலை இப்படி பாக்கெட்டாத்தான் அனுப்புது.

இந்த முறையில் நம்பர் எந்த சிம்முக்குள்ளேயும் இல்லை. சர்வரில் உங்க நிறுவனத்தின் பேரில் இருக்கிற ஒரு கணக்கு, அவ்வளவுதான். ஒரு கால் வந்தா மூணு பேர் போன்லயும் ஒரே நேரத்தில் மணி அடிக்க வைக்கலாம். எந்த கால் மிஸ் ஆச்சுன்னு மாலையில் பார்த்துக் கூப்பிடலாம். ஒருத்தர் வேலையை விட்டா அவரோட லாகினை மட்டும் நீக்கினா போதும்.

ஒரு சிக்கல் இருக்கு. பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே சுமார் 48 வோல்ட் வரும். கரண்ட் போனாலும் டயல் டோன் கேட்கும். இதில் ரவுட்டர் அணைஞ்சா மேசை போன் ஊமை. அதனால ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிடுங்க. நெட் போனா கால் தானா ஒரு மொபைலுக்குத் திரும்புற மாதிரியும் செட் பண்ணச் சொல்லுங்க.

லைசென்ஸ் உள்ள நிறுவனத்திடம் மட்டும் வாங்குங்க. கணக்கை உங்க நிறுவனத்தின் பேர்லயே எடுங்க. மேனேஜர் பேர்ல எடுத்தா மறுபடியும் அதே சிம் கதைதான்.