மிச்சக் கட்டைக்கு ஒரு வண்டி

வீட்டில் தச்சுவேலை செய்கிறவர்களுக்கு மரம் வாங்குவது சிரமமில்லை. மிஞ்சின துண்டைத் தூக்கிப்போட மனசு வராததுதான் சிரமம். தேக்காச்சே! சுவரில் சாய்த்தால் ப்ளைவுட் நாளடைவில் வளையும், தரையில் கிடந்தால் கரையான் வரும். இவற்றை அடுக்கிவைக்க, சக்கரம் வைத்த வண்டி ஒன்று செய்துவிடுங்கள். அடிப்பலகைக்கு 18 மி.மீ. ப்ளைவுட் போதும். ஒரு பக்கம் பலகைகள் நிமிர்ந்து நிற்கத் தடுப்பு, மறுபக்கம் சட்டங்களைச் செருக அறைகள், குட்டைத் துண்டுக்கு முன்னால் ஒரு பெட்டி. கனமானது அடியில், நடுவில் இருக்கவேண்டும். இல்லையென்றால் தள்ளும்போது கவிழும். சக்கரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சின்னச் சக்கரம் தரையில் கிடக்கும் ஒரு திருகாணியிலேயே மக்கர் பண்ணும். இரண்டு சக்கரத்திலாவது பிரேக் இருக்கட்டும். ஒரு சாணுக்குக் குறைந்ததைக் கழித்துவிடுங்கள். ஆனால் ப்ளைவுட் துண்டை மட்டும் அடுப்பில் போடாதீர்கள். அதன் பசை எரியும் புகை உடம்புக்கு ஆகாது.