புள்ளியும் சிறுகோடும்



லெம்பா பெர்த்தாம் தோட்டத்து லயத்துக்கு ஒரு கடிதம் வரவேண்டுமானால், உறையின்மேல் வீட்டு எண், தோட்டத்தின் பெயர், 39200 ரிங்லெட், பகாங் என்று வரிசையாக எழுதுகிறோம். கணினிக்கும் இதுபோல் முகவரி உண்டு. பிள்ளைகளின் விண்ணப்பமும் வங்கிக் கணக்கும் இன்று கைப்பேசிக்குள் வந்துவிட்டன. ஆகவே அந்த முகவரியைப் படிக்கும் முறையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணினிப் பெயருக்கு 1985ஆம் ஆண்டில் ஒரு விதி வகுக்கப்பட்டது. ஆங்கில எழுத்து 26, எண் 10, சிறுகோடு 1. ஆக 37 குறிகளே பெயருக்குள் வரலாம். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றே. இடைவெளி கூடாது, அடிக்கோடும் கூடாது. சிறுகோடு முதலிலோ கடைசியிலோ நிற்கக்கூடாது. முதலில் எண் வரக்கூடாது என்றிருந்த விதி 1989இல் தளர்த்தப்பட்டது. புள்ளி பெயரின் பகுதிகளைப் பிரிக்கும் வேலி. ஒரு பகுதியில் 63 குறிகளுக்கு மேல் போகக்கூடாது.

அப்படியானால் தமிழுக்கு இடமில்லையா? உண்டு. 1998இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ குழுவினர் பிற மொழி எழுத்துகளில் முகவரி அமைக்கும் முயற்சியில் இறங்கினர். 2003இல் அதற்குப் பொது விதி வந்தது. தமிழில் எழுதும் பெயரைக் கணினி அதே 37 குறிகளால் ஆன பெயராக மாற்றிக்கொள்கிறது. அது எக்ஸ், என், இரண்டு சிறுகோடு என்று தொடங்கும். 2010இல் 'இலங்கை', 2011இல் 'இந்தியா', 'சிங்கப்பூர்' ஆகிய முடிவுகள் தமிழ் எழுத்திலேயே ஏற்கப்பட்டன.

இனி நம் பணத்தைக் காக்கும் செய்தி. கடித உறையில் ஊரும் மாநிலமும் கடைசியில் வருவதுபோல், கணினி முகவரியிலும் உரியவர் யார் என்பது வலக்கோடியில்தான் தெரியும். தொடக்கத்திலுள்ள இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அடுத்த சாய்கோடு வரையில்தான் பெயர். அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள்.

நமது கல்வி அமைச்சின் முகவரி: எம், ஓ, இ, புள்ளி, ஜி, ஓ, வி, புள்ளி, எம், ஒய். 'ஜி ஓ வி புள்ளி எம் ஒய்' என்ற முடிவு அரசாங்கத்துக்கு உரியது. இதையே ஒருவன் எம், ஓ, இ, சிறுகோடு, ஜி, ஓ, வி, புள்ளி, காம் என்று அமைத்தால்? பார்வைக்கு அமைச்சின் பெயர்போல் இருக்கும். ஆனால் சிறுகோடு வேலியன்று. அது பெயருக்குள் அடங்கிய ஓர் எழுத்து மாதிரி. 'காம்' என்று முடியும் பெயரைப் பணம் கட்டி எவரும் வாங்கலாம். அது அரசாங்கத்தின் வீடன்று, அயலான் வீடு. 'ஓ' என்ற எழுத்தின் இடத்தில் பூச்சியம் வைத்தும் ஏமாற்றலாம். இரண்டுமே விதிப்படி செல்லும் குறிகள். அதனால் கணினி தடுக்காது. நாம்தான் பார்க்கவேண்டும்.

பெற்றோர்களே, உதவிப் பணம் வந்திருக்கிறது என்று குறுஞ்செய்தி வந்தால் உடனே தொடாதீர்கள். பிள்ளையை அழைத்து, முகவரியை ஒவ்வோர் எழுத்தாக, புள்ளியும் சிறுகோடும் விடாமல், உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். முடிவு சரியில்லையென்றால் அடையாள அட்டை எண்ணைக் கொடுக்க வேண்டாம். ஐயமிருந்தால் பள்ளிக்கு வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.