வடக்கே போகிற வெள்ளம்

அமெரிக்காவில் வடக்கு டகோட்டாவுக்கும் மினசோட்டாவுக்கும் எல்லையாக ஓடுகிறது ரெட் ரிவர். இரு கரையிலும் கோதுமை, சர்க்கரை எடுக்கிற பீட்ரூட் என்று விவசாயம்தான்.

இந்த ஆறு தெற்கிலிருந்து வடக்கே, கனடாவுக்குப் போகிறது. வம்பே அங்கேதான்! வசந்தம் முதலில் தெற்கில் வரும். அங்கே பனி உருகித் தண்ணீர் கிளம்பும்போது, வடக்கே ஆறு இன்னும் உறைந்தே கிடக்கும். போக வழியில்லாத வெள்ளம் வயலில் ஏறும். நிலமோ பழைய ஏரிப்படுகை. தோசைக்கல் மாதிரி தட்டை.

அதனால் குளிர்காலம் முடியுமுன்பே அங்கே வெள்ள முன்னறிவிப்பு வந்துவிடும். பனிக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை விமானத்தில் தாழப் பறந்தே அளக்கிறார்கள். மண்ணிலிருந்து இயல்பாகவே காமா கதிர்கள் வருகின்றன. மேலே கிடக்கும் பனி அவற்றைத் தடுக்கும். கதிர் எந்த அளவு குறைகிறதோ, அதை வைத்துத் தண்ணீரின் அளவைச் சொல்லிவிடலாம். கெட்டிக்காரக் கணக்குதான்.

ஆனாலும் 1997-ல் பிசகியது. கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் 49 அடி என்று எதிர்பார்த்தார்கள். ஏப்ரலில் பனிப்புயல் வேறு வந்து சேர, ஆறு 54 அடியைத் தாண்டியது. ஊரே காலியானது. தெருவெல்லாம் வெள்ளம், நடுவே 11 கட்டடங்கள் தீயில் எரிந்தன!

அதே வெள்ளத்தில் கனடாவின் வின்னிபெக் நகரம் பெரும்பாலும் தப்பித்தது. ஊரைச் சுற்றி 47 கிலோமீட்டருக்கு, 1968-ல் வெட்டி முடித்த வெள்ளக் கால்வாய் இருந்தது. அதற்காகப் பாடுபட்டவர் அன்றைய மாகாண முதல்வர் டஃப் ராப்ளின். அந்தக் கால்வாயை 'டஃப் வெட்டிய பள்ளம்' என்று அப்போது கேலி செய்தவர்கள் உண்டு.