நிறுத்திய பின்னும் நில்லாத வெப்பம்



அணுமின் நிலையத்திற்குப் பயிற்சி பெற வரும் இளைஞரை நாங்கள் முதலில் கேட்பது ஒன்றுண்டு: "உலையை நிறுத்திவிட்டால் வேலை முடிந்ததா?" முடிந்தது என்பர் பலர்.

அடுப்பை அணைத்த பின்னும் கங்கு கனல்வதைத் தாய்மார்கள் அறிவீர்கள். உலையும் அத்தகையதே. கட்டுப்பாட்டுத் தண்டுகள் இறங்கியதும் அணுப்பிளவுத் தொடர் ஓய்கிறது. ஆயினும் பிளவில் பிறந்த கதிரியக்கப் பொருள்கள் சிதைந்து சிதைந்து வெப்பம் தருகின்றன. நிறுத்திய கணத்தில் அது முழு வெப்ப ஆற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காடு. ஒரு நாள் கழிந்தும் அரை விழுக்காடு. 220 மெகாவாட் மின்சாரம் தரும் உலையில் இவ்வரை விழுக்காடே 2 கிலோவாட் மின்னடுப்புகள் ஏறக்குறைய 2,000 ஒருங்கே எரிவதற்கு ஒப்பாகும்.

2011 மார்ச் 11 அன்று நிலம் நடுங்கியபோது, ஜப்பானின் புகுஷிமா டாய்ச்சியில் இயங்கிய மூன்று உலைகளும் முறைப்படி நின்றன. பின்னர் வந்த ஆழிப்பேரலையில் டீசல் மின்னாக்கிகள் செயலிழந்தன. குளிர்விக்கும் வழி அற்றது. எஞ்சிய வெப்பமே எரிபொருளை உருக்கிற்று.

ஆதலின் கரும்பலகையில் சூத்திரம் எழுதுவதோடு நாங்கள் அமைவதில்லை. கட்டுப்பாட்டு அறையைப் போலவே அமைத்த பயிற்சி அறையில் உலையை நிறுத்தச் செய்கிறோம், பின் பம்பு ஒன்றை முடக்கி, "இனி என் செய்வீர்?" என்கிறோம். வெப்பமானி ஏறக் கண்டவர் அச்சூத்திரத்தை மறவார்.

உலை நின்ற நாளிலும் இரவுப் பணி எதற்கென இல்லத்தார் வினவுவதுண்டு. அதற்கு விடை இதுவே.