மண் தின்னும் பிள்ளையை அடிக்காதீர்கள்!
(விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியது)



சுவர் மண்ணைச் சுரண்டித் தின்கிறதென்று பிள்ளையை முதுகில் அறைகிறோமே, அது திமிரா? பல பிள்ளைகளுக்கு அது இரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்ததன் அடையாளம். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

2015–16 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 51 பேருக்கு இரத்த சோகை. 2019–21 ஆய்விலோ 57! முன்னேற்றத்தின் லட்சணம் இது!

தாயின் அறியாமைதான் காரணம் என்பார்கள் படித்த கனவான்கள். நிறைமாதத்தில் நாற்று நடுகிறவளுக்கே இரத்தமில்லை. பிள்ளைக்கு எதைக் கொடுத்தனுப்புவாள்? பிறக்கும்போது கொண்டுவந்த இரும்பு ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் அது சொற்பம். அப்புறம் கீரை, பருப்பு, முட்டை, ஈரல் வேண்டும். கூலிக்காரன் வீட்டில் கிடைப்பது கஞ்சியும் டீயும். டீயோ, சோற்றிலுள்ள கொஞ்சநஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாது. கழிப்பிடமில்லாத குடியிருப்பில் வெறுங்காலில் ஏறும் கொக்கிப்புழு மிச்ச இரத்தத்தையும் உறிஞ்சும்.

ஆலைப் பெண்ணுக்குச் சட்டத்திலாவது 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. வயலில் குனிகிறவளுக்கு? ஒருநாள் போகாவிட்டால் ஒருநாள் கூலி போச்சு!

அரசுத் திட்டப்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச் சத்து மருந்து உங்கள் பிள்ளைக்கு உரியது. கிராம செவிலியரிடம் கேளுங்கள். இருப்பில்லை என்றால், அடுத்த தடவை பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள்.