ஏற்றம் ஏற நேரம் வேணும்

(லோறென்ஸ்கூக் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரசியல் சந்திப்பில சைக்கிளைப் பற்றி என்ன கதைக்கப்போறான் எண்டு சிலர் யோசிப்பீங்கள். நான் முறைவேலை செய்யிறவன். ஓய்வுநாட்களில் கிறெஃப்சன்கொல்லன் ஏற்றத்தில் சைக்கிள் ஓடுறவன். ஒரு சின்னக் கணக்கோட தொடங்குறன்.

75 கிலோ ஆள், 10 கிலோ சைக்கிள். மொத்தம் 85. 300 மீற்றர் உயரத்தை 20 நிமிடத்தில் ஏறவேணும் எண்டால், புவியீர்ப்பை வெல்ல மட்டும் ஏறக்குறைய 208 வாட் வேணும். காற்றும் ரயரும் தின்னுறது வேற. இப்ப விளம்பரம் வந்து ஒரு கிலோ குறைஞ்ச காபன் சைக்கிளைக் காட்டும். பல ஆயிரம் குரோனர். அதால மிஞ்சுறது என்ன? 20 நிமிடத்தில் வெறும் 14 செக்கன்!

மிச்சமெல்லாம் காலும் நெஞ்சும்தான். அதைக் கடையில வாங்கேலாது. துரொண்ட்ஹைம் ஆய்வாளர்களால் பெயர்பெற்ற முறை ஒன்று இருக்கு. உடம்பைச் சூடாக்கிப்போட்டு, உச்ச இதயத்துடிப்பின் 85 முதல் 95 வீதத்தில் நாலு நிமிடம் ஏறுங்கோ. பிறகு மூன்று நிமிடம் மெதுவா ஓடுங்கோ. இப்படி நாலு தரம். எல்லாம் 40 நிமிடத்துக்குள்ள முடியும். பழைய சைக்கிளே போதும்.

ஆனால் அந்த 40 நிமிடம் ஆருக்கு இருக்கு? விடிய ஒரு துப்புரவு வேலை, பின்னேரம் இன்னொரு வேலை எண்டு ஓடுற எங்கட அம்மாமாருக்கு இருக்கா? பயிற்சி உடம்பில் ஒட்டுறது ஓய்விலயும் நித்திரையிலயும்தான். நித்திரை இல்லாதவருக்குப் பயிற்சி களைப்பைத்தான் கூட்டும். அதனால இது சோம்பல் பிரச்சினை இல்லை, நேரம் ஆரிட்ட இருக்கு எண்ட பிரச்சினை.

நோர்வேத் தொழிலாளர்கள் இதை எப்பவோ விளங்கிக்கொண்டவை. 1919 இல் எட்டு மணிநேர வேலைநாள் சட்டமானது. 1924 இல் தங்களுக்கெண்டு தொழிலாளர் விளையாட்டு ஒன்றியத்தை அமைத்தார்கள். 1940 இல் நாசி ஆக்கிரமிப்பாளர் விளையாட்டுத்துறையைக் கையில் எடுக்க, விளையாட்டு வீரர்கள் போட்டிகளைப் புறக்கணித்தார்கள். 1945 வரை அந்தப் புறக்கணிப்பு நீடித்தது. 1987 இல் கூட்டு ஒப்பந்தத்தால் வேலைவாரம் 37.5 மணியாகக் குறைந்தது. "நோர்வே எங்களுக்கு ஓய்வு தந்தது" எண்டு நாங்கள் சொல்லுறம். ஆரும் தரேல்லை, போராடி எடுத்தது. ரெண்டு வேலை செய்யிற ஆளுக்கு அது இன்னும் கிடைக்கேல்லை.

அதனால ரெண்டு விசயம் கேக்கிறன். ஒன்று, உங்கட தொழிற்சங்கக் கூட்டங்களுக்குப் போங்கோ. சம்பளத்தோட நிக்காமல் வேலை அட்டவணையைப் பற்றியும் கதையுங்கோ. முறைகளுக்கு இடையில போதிய ஓய்வு கேளுங்கோ. மற்றது, கிழமைக்கு ஒருநாள் சேர்ந்து ஏறுவம். அக்காமார், அம்மாமார் முதலில. சும்மா நிக்கிற சைக்கிள்களைக் கொண்டுவாங்கோ. பிறேக், கியர் சரிபார்க்க நான் நிக்கிறன். அந்த ஒரு மணித்தியாலம் பிள்ளையளைப் பார்க்க ஆர் வாறீங்கள்? கையை உயர்த்துங்கோ, பெயரை எழுதுவம்.