மோட்டார் சூடேறினால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

(பழவேற்காட்டில் நடந்த தொழில் உதவிக் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



பெரியோர்களே, தாய்மார்களே, ஏரியிலிருந்து நேராக இங்கு வந்து அமர்ந்திருக்கும் தம்பிமார்களே!

வட்டியில்லாக் கடன் கேட்டு நம்மிடம் வரும் மனுக்களில் மோட்டார் ரிப்பேருக்கு என்று வருபவை பலவற்றில் ஒரே காரணத்தைப் பார்க்கிறோம். "சூடேறி நின்றுவிட்டது, பிஸ்டன் பிடித்துக்கொண்டது" என்று எழுதியிருக்கிறார்கள். நாம் கடன் கொடுக்கத் தயங்கவில்லை. ஆனால் மோட்டார் கழற்றிக் கிடக்கும் நாட்களில் அந்த வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? அவசரத்துக்கு வெளியில் வட்டிக்கு வாங்கிவிட்டுப் பிறகு நம்மிடம் வருகிறவர்களும் உண்டு. அதனால்தான் மெக்கானிக் சகோதரர்களிடம் கேட்டறிந்ததை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

படகின் பின்னால் மாட்டும் மோட்டாருக்கு காரில் இருப்பது போல ரேடியேட்டர் கிடையாது. ஓடுகிற தண்ணீரையே உறிஞ்சித்தான் அது தன்னைக் குளிர்வித்துக் கொள்கிறது. நீருக்குள் இருக்கும் கால் பகுதியில் சல்லடை போன்ற வாய் இருக்கிறது. அதற்கு மேலே வாட்டர் பம்ப். பம்புக்குள் இதழ் இதழாக ரப்பர் சக்கரம்; அதைத்தான் இம்பெல்லர் என்கிறோம். அது தண்ணீரை மேலே தள்ளுகிறது. தண்ணீர் சிலிண்டரைச் சுற்றி வந்து வெளியேறும்போது ஒரு பங்கு மட்டும் பின்புறச் சிறு துளை வழியே பீய்ச்சி அடிக்கிறது. அந்தப் பீய்ச்சல்தான் மோட்டாரின் நாடி.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். உலைக்குப் போகும் குளிர்நீர் குறைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. உடனே உலையை நிறுத்துவார்கள். படகில் ஓடும் சிறிய மோட்டார்கள் பலவற்றில் எச்சரிக்கை மணி கூட இல்லை. அந்தத் துளையும் உங்கள் கண்ணும்தான்.

நம் ஏரியின் குணமும் இதில் சேர்ந்திருக்கிறது. ஆழம் குறைவு, அடியில் சேறு. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கோடையில் கடலைவிடவும் உப்பு ஏறிப்போகும் நேரம் உண்டு. முகத்துவாரம் மணல் மூடினால் தண்ணீர் இன்னும் இறங்கிவிடும். தரை தட்டாமலிருக்க மோட்டாரைத் தூக்கி ஓட்டுகிறோம். அப்போது உறிஞ்சும் வாய் மேல் மட்டத்துக்கு வந்து காற்றை இழுக்கிறது. தாழ்த்தினால் சேற்றை இழுக்கிறது. பாசி, அறுந்த வலை நரம்பு, எங்கிருந்தோ மிதந்து வரும் பிளாஸ்டிக் பை என்று எல்லாம் அந்த வாயில்தான் போய் ஒட்டும். (பையை ஏரியில் போடுவது யார் என்று இந்தக் கூட்டத்தில் கேட்கப் போவதில்லை. கேட்டால் கூட்டம் முடியாது.)

சரி, பாதி வழியில் பீய்ச்சல் மெலிந்துவிட்டது. வேகத்தைக் குறைத்து நியூட்ரலுக்கு வாருங்கள். தண்ணீர் அறவே நின்றாலோ, ஆவியாக வந்தாலோ அந்த நொடியே அணைத்துவிடுங்கள். "கரை தெரிகிறதே, போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று ஓட்டுவதில்தான் பிஸ்டன் போகிறது. அணைத்த பிறகு மோட்டாரைத் தூக்கி உறிஞ்சும் வாயைப் பாருங்கள். பையோ பாசியோ இருந்தால் கையால் எடுத்துவிடுங்கள். அடுத்து அந்தச் சிறு துளை. உப்புக் கட்டியோ மணலோ அதை மட்டும் அடைத்திருக்கலாம். தடித்த தூண்டில் நரம்பை விட்டுக் குத்திப் பாருங்கள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் கரையில் கிடந்த மோட்டாரில் குளவி மண்கூடு கட்டியிருப்பதும் உண்டு.

சூடு ஆறும்வரை பொறுங்கள். கொதிக்கிற மோட்டார் மீது வாளித் தண்ணீரை ஊற்றாதீர்கள், உலோகம் விரிசல் விடும். பக்கத்தில் பீடி பற்றவைக்காதீர்கள், பெட்ரோலும் மண்ணெண்ணெயும் அங்கேதான் இருக்கின்றன. ஆறிய பின் கிளப்பி, தண்ணீர் வந்தால் மெதுவாகக் கரைக்கு வாருங்கள். வராவிட்டால் மறுபடி மறுபடி கிளப்ப வேண்டாம், துடுப்பை எடுங்கள். முகத்துவாரத்துக்கு அருகில் என்றால் முதல் வேலை நங்கூரம் போடுவது. நின்ற மோட்டாரோடு அலைக்கு முன்னால் மிதப்பதைவிட ஆபத்து வேறில்லை. கடலோரக் காவல் படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093. இரண்டையும் போனில் ஏற்றி வையுங்கள். 2011 டிசம்பர் 25 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. உயிர்காப்பு உடையை வீட்டில் மாட்டி வைத்திருப்பவர்கள் அந்த நாளை நினைத்துக்கொள்ளட்டும்.

கரைக்கு வந்த பின் பார்க்க வேண்டியது இம்பெல்லர். சேறும் மணலும் அதன் இதழ்களைத் தேய்க்கும். நாட்பட்டால் ரப்பர் இறுகி வளைந்தபடியே நின்றுவிடும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள், இந்தச் சேற்றில் ஓடுபவர்கள் இன்னும் முன்னதாகவே பாருங்கள். இதழ் ஒடிந்திருந்தால் புதியதை மாட்டுவது மட்டும் போதாது. ஒடிந்த துண்டு உள்ளே குழாயில் போய் அடைத்திருக்கும், அதைத் தேடி எடுக்க வேண்டும். தண்ணீரில்லாமல் கரையில் மோட்டாரைக் கிளப்பிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சில நொடிகளிலேயே அந்த ரப்பர் தேயத் தொடங்கிவிடும்.

தெர்மோஸ்டாட்டைச் சிலர் தொந்தரவு என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். நமக்கு அது சரியாகப் படவில்லை. மோட்டார் தேவைக்கு மேல் குளிர்ந்து, எண்ணெய் அதிகம் குடித்து, பிளக் கரி பிடிக்கும். சந்தேகமிருந்தால் அதை ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுச் சூடாக்குங்கள். திறந்தால் நல்லது, கொதித்தும் திறக்காவிட்டால் புதியது வாங்குங்கள். டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் ஆயில் குறைத்துக் கலப்பதும் சூடேற்றும். அளவு அந்தந்த மோட்டாரின் கையேட்டில் இருக்கிறது, பக்கத்துப் படகுக்காரர் சொன்ன அளவு வேண்டாம்.

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். ஏரித் தண்ணீர் உள்ளே உலர்ந்தால் உப்பு படிந்து பாதையை அடைக்கிறது. நாள் முடிவில் ஒரு டிரம் நல்ல தண்ணீரில் மோட்டாரின் காலை இறக்கி, உறிஞ்சும் வாய் மூழ்கும்படி வைத்து, நியூட்ரலில் பத்து நிமிடம் ஓட்டினால் போதும். புகை வெளியேறத் திறந்த இடம் வேண்டும், பிள்ளைகளை அருகில் விட வேண்டாம். குடிதண்ணீருக்கே குடம் வைத்துக் காத்திருக்கும் தெருவில் இதைக் கேட்கிறோம் என்பது தெரியும். ஒரே தண்ணீரில் இரண்டு மோட்டார் கழுவலாம், அக்கம்பக்கத்தார் சேர்ந்து செய்யுங்கள்.

கடன் வாங்கி மாட்டிய மோட்டார் ஓர் அமானிதம். ஆகவே நிர்வாகக் குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. இனி பிஸ்டன் மாற்றும் கடனுக்குக் காத்திராமல், இம்பெல்லரும் கேஸ்கெட்டும் வாங்கவே சிறு உதவி தரப்படும். எந்தச் சமூகத்துப் படகானாலும் சரி. மனுவோடு பழைய இம்பெல்லரைக் கொண்டுவர வேண்டும். வரும் வெள்ளிக்கிழமை ஜுமுஆவுக்குப் பின் படகுத்துறையில் இரண்டு டிரம்களும் ஒரு மெக்கானிக்கும் இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். மோட்டாரைக் கழற்றிக் கொண்டு வாருங்கள், சாவியும் ஸ்பேனரும் அங்கேயே இருக்கும்.